உஸுமாகி: ஒரு பல் லேப்காரன் வாங்கிப் படித்த கதை

பல் லேபில் பதினோரு வருஷமாக வேலை. கேப், பல்செட், மெழுகு, பிளாஸ்டர் என்று ஓடுகிற பிழைப்பு. முழுநேரமாக வரைய வருவதற்கு முன், ஜப்பானில் திகில் காமிக்ஸ் (அவர்கள் மொழியில் மாங்கா) வரைகிற ஜுன்ஜி இட்டோவும் இதே தொழில்தான் பார்த்தார் என்று தெரிந்த அன்று, நம்ம தொழில்காரராச்சே என்ற பாசத்தில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து அவருடைய 'உஸுமாகி'யை ஆன்லைனில் வாங்கினேன். மூலை நசுங்கி வந்தது. மாற்றித் தரச் சொன்னேன். மாற்றி அனுப்பியதிலும் அதே மூலை நசுங்கியிருந்தது. விட்டுவிட்டேன்.

1998-99இல் தொடராக வந்த கதை. மூன்று பாகங்களையும் சேர்த்து விஸ் மீடியா 2013இல் போட்ட கெட்டி அட்டை ஆங்கிலப் பதிப்பு இது. 600 பக்கத்துக்கு மேல், செங்கல் கனம், படுத்துக்கொண்டு படிக்க வழியில்லை. வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். என் மனைவி பழக்கதோஷத்தில் மறுபக்கம் திறந்து, முடிவுப் பகுதியில் போய் விழுந்து, "என்னங்க இது, இடியாப்பத்துக்குள்ள ஆளுங்க மாட்டிருக்காங்க?" என்றாள். தப்பாகச் சொல்லிவிடவில்லை.

குரோஸு-சோ என்று ஒரு சின்ன ஊர். அதைப் பேய் பிடிக்கவில்லை, சுருள் பிடிக்கிறது. முதல் பலி, கதாநாயகி கிரியேவின் காதலன் ஷுயிச்சியின் அப்பா. சந்தில் குந்தி உட்கார்ந்து நத்தை ஓட்டையே பார்க்கிறார். வேலைக்குப் போவதில்லை. சூப்பில் சுருள் போட்ட மீன்கேக் இல்லையென்றால் ரகளை. குளிக்கிற தொட்டியில் தண்ணீரைக் கலக்கிச் சுழி விடுகிறார். சேர்த்து வைத்த சுருள் சாமான்களையெல்லாம் மனைவி தூக்கி எறிந்ததும் முதலில் கத்துகிறார். அப்புறம், அதெல்லாம் எதற்கு, என் உடம்பே போதும் என்று ஆகிவிடுகிறார். கடைசியில் ஒரு வட்ட மரத்தொட்டிக்குள் கிடைக்கிறார், சுருண்டு.

அந்தத் தொட்டிப் படத்தை லேபில் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன். மெழுகைச் சூடாக்கி முறுக்கினால் ஒரு கட்டத்தில் கிழியும். இவர் வரைந்த தோல் கிழியவில்லை, எலும்பும் கூடவே வளைந்து போகிறது. உடம்புக்கு எத்தனை கோடு போட்டிருக்கிறாரோ, தொட்டிப் பலகைக்கும் அத்தனை. அந்தப் பொறுமைதான் குலை நடுங்க வைக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அதற்கு முந்தைய பக்கங்கள். எங்கள் அப்பாவுக்குக் கடைசி காலத்தில் கேஸ் ரெகுலேட்டர் பயம். ராத்திரி நாலு தடவை, எட்டுத் தடவை எழுந்து போய்த் திருகுவார். பக்கத்து வீட்டில் கேட்டால் அம்மா, "அவருக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான்" என்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ரெகுலேட்டரைக் கழற்றி ஒளித்து வைத்தாள். அன்று ராத்திரி அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி வெறுங்கையைத் திருகிக்கொண்டிருந்தார். இட்டோ எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாதிரி இருந்தது.

கதையில், ஷுயிச்சியின் அப்பா போன பிறகு அவன் அம்மாவுக்குச் சுருள் என்றாலே பயம். விரல் நுனியில் ரேகை சுருள்தானே என்று அதையும் வெட்டிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் காதின் படம் மாட்டியிருக்கிறது. உள்காதில் நத்தைச்சுருள் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மகன் தவிக்கிறான். ரத்தம் தெறிக்கிற எந்தப் பக்கத்தையும்விட இது மோசம்.

இதே வேகம் புத்தகம் முழுக்க இல்லை. நடுவில் தலைமுடிச் சண்டை, பெட்டிக்குள்ளிருந்து ஸ்பிரிங்கில் துள்ளுகிற பிணம் என்று அத்தியாயத்துக்கு ஒரு வித்தை. கிரியேவும், நேற்று அவ்வளவு நடந்தும், இன்றைக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி பள்ளிக்கூடம் கிளம்பிவிடுகிறாள். கடைசியில், நம்ம லைன் வீடு மாதிரி ஒட்டியொட்டி நிற்கிற பழைய வீடுகளுக்குள் ஊரே அடைந்து கைகால் பின்னிக்கொள்ளும் இடத்தில்தான் கதை மறுபடி பிடி கொடுக்கிறது. இந்தக் கதையை வைத்து 2024இல் வந்த அனிமேயில் (கார்ட்டூன் தொடர்) முதல் எபிசோடு பாருங்கள், போதும்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளும் கொசுவும் வருகிற இரண்டு அத்தியாயங்கள் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இதை வைக்காதீர்கள். என் தங்கை ஏழாம் மாசம் என்று வந்திருக்கிறாள். புத்தகம் இப்போது லேபில், பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால்.