வடசேரி 'அக்கா நூடுல்ஸ்': எதை வாங்கலாம், எதை விடலாம்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் அடுப்பு பற்றும் இந்தச் சைனீஸ் தட்டுக்கடையின் போர்டில் 'அக்கா நூடுல்ஸ்' என்றிருக்கிறது. சட்டி பிடிப்பது அண்ணன்தான். 'ஹக்கா நூடுல்ஸ்' என்பதன் 'ஹ' எங்கோ உதிர்ந்துவிட்டது.

நூடுல்ஸ் தரம். முக்கால் வேக்காட்டில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் பிசிறி ஆறவைப்பதால் இழை ஒட்டுவதில்லை. சீனச்சட்டி புகையும் அளவுக்குக் காய்ந்த பிறகே கோஸ் விழுகிறது. சோயா சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி விடுகிறார்கள். அந்த லேசான தீய்ந்த மணம் அதில் வருவதுதான். ஏழு மணிக்கு முன்னே போய்விடுங்கள். கூட்டம் ஏறினால் நாலு பிளேட் ஒரே சட்டியில் விழும். சூடு இறங்கி, கோஸ் தண்ணீர் விட்டு, எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும்.

கோபி மஞ்சூரியன் வேண்டாம். ஒரே தடவை பொரித்து, கார்ன்ஃபிளவர் குழம்பில் முன்கூட்டியே போட்டு வைக்கிறார்கள். மேல்மாவு ஊறி உரிந்து வருகிறது.

மஞ்சூரியனுக்கும் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. ஹக்கா அப்படியல்ல, அது ஒரு மக்களின் பெயர். பொருள் 'விருந்தாளிக் குடும்பம்'. வடக்கிலிருந்து தென்சீனாவுக்கு வந்தேறியவர்களுக்கு மற்றவர்கள் இட்ட பெயரை அவர்களே சூடிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் கொல்கத்தா தாங்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்தார்கள். வீட்டில் ஹக்கா மொழி, சீனப் பள்ளியில் மாண்டரின், தெருவில் இந்தியும் வங்காளமும். பலருக்கு வீட்டுப் பெயர் ஒன்று, வெளிப் பெயர் ஒன்று. 1962 போரில் சீன வம்சாவளியினர் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். இந்தியாவில் பிறந்ததெல்லாம் செல்லுபடியாகவில்லை. பிறகு டொரண்டோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கே கடை திறந்தார்கள். அந்த ஊரில் 'ஹக்கா' போர்டு தொங்கினால் உள்ளே நம்மூர் சில்லி சிக்கன் கிடைக்கும். இந்தியாவில் சீனராக இருந்தவர்களை அங்கே அடையாளம் காட்டுவது இந்தியக் காரம்! திருவனந்தபுரத்தில் 'பாண்டி'யாகவும் (தமிழரை அங்கே அப்படித்தான் கேலி செய்வார்கள்) சென்னையில் 'மலையாளி'யாகவும் ஆகிவிடும், கேரள எல்லையோரத்து விளவங்கோட்டுக்காரருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

அசல் ஹக்கா சமையலில் பேர்போனவை உப்பில் புதைத்து வேகவைத்த கோழியும், உப்பிட்டு உலர்த்திய கடுகுக்கீரை சேர்த்த பன்றிக்கறியும். இங்கே இரண்டும் கிடையாது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஆர்டர் சொல்லும்போதே தக்காளி சாஸ் வேண்டாம் என்றுவிடுங்கள், இனிப்பு தூக்கிவிடும். வினிகரில் ஊறிய பச்சை மிளகாயைக் கேட்டால்தான் எடுத்து வைப்பார்கள்.