குறும்படத்துக்கு ஆள் தேவைன்னு எங்க போடுறது: வாட்ஸப்பா, டெலிகிராமா, ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாவா?

"ஆள் தேவை"ன்னு ஒரு போஸ்ட் போடணும்னாலே முதல்ல வர்ற கேள்வி, எதுல போட்டா நெறைய பேர் பாப்பாங்கங்கறதுதான். சென்னையில குறும்படம், பைலட் ஃபிலிம் (பெரிய படத்துக்கு சாம்பிளா எடுத்துக் காட்டுற சின்னப் படம்), சின்ன பட்ஜெட் வெப் சீரிஸ்னு வேலை பாக்குறவங்க மத்தியில இது ரொம்ப நாளா ஓடுற விவாதம். பெப்சியோட, அதாவது தென்னிந்திய சினிமா தொழிலாளர் கூட்டமைப்போட சங்கங்கள் வழியா ஆள் எடுக்குற பெரிய படங்களோட கணக்கு வேற, அத இங்க கலக்கல. என்னப் பொறுத்தவரைக்கும் எத்தன பேர் பாக்குறாங்கங்கறது ரெண்டாவது விஷயம், போஸ்ட் போட்டதுக்கு அப்பறம் என்ன நடக்குதுங்கறதுதான் முதல் விஷயம். ஷூட் தேதி தள்ளிப்போனா திருத்த முடியுமா, ஆள் கிடைச்சதும் மூட முடியுமா, அப்ளை பண்றவங்களோட நம்பரும் போட்டோவும் யார் கைக்குப் போகுது? இந்த மூணையும் வெச்சு பாத்தா, நாம தினமும் யூஸ் பண்ற நாலு இடமும் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசம்னு புரியும்.

வாட்ஸப்லேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் முதல்ல போடுறாங்க. அவசரத்துக்கு அத அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது, அத நான் மனசார சொல்றேன். நாளைக்கு காலைல ஆறு மணிக்கு வளசரவாக்கத்துல ஒரு வீட்டுல ஷூட், ராத்திரி ஒன்பது மணிக்கு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் காய்ச்சல்னு ஃபோன் பண்றார்னு வெச்சுக்கோங்க, டெக்னீஷியன்ஸ் இருக்குற ரெண்டு குரூப்ல "நாளை ஒரு நாள், சிங்க் சவுண்ட் (ஸ்பாட்லயே வசனம் பதிவு), ரெக்கார்டர், லேப்பல் மைக், பூம் மைக் சொந்தமா இருக்கணும், இவ்ளோ சம்பளம், டிராவல் பேட்டா தனி"ன்னு தட்டிவிட்டா தூங்கப்போறதுக்குள்ள யாராவது கூப்பிட்டுருவாங்க. அவங்களுக்கு வரமுடியலன்னாலும் இன்னொருத்தர் நம்பர் குடுப்பாங்க. குரூப்ல இருக்குறவங்க ஒருத்தருக்கொருத்தர் ஏற்கனவே ஒண்ணா வேலை பாத்தவங்க, அதனால வர்ற ஆள் எப்படின்னு விசாரிக்கவும் முடியும்.

ஆனா பத்து நாள் கழிச்சு ஆடிஷன், அடுத்த மாசம் ஷூட்னு இருக்குற வேலைக்கு வாட்ஸப் சரிப்பட்டே வராது. அனுப்பி 15 நிமிஷம் தாண்டிட்டா எடிட் பண்ண முடியாது. எல்லாருக்கும் சேத்து டெலீட் பண்றதுக்கு ரெண்டு நாளும் கொஞ்சம் மணி நேரமும்தான் டைம். அதுக்குள்ள டெலீட் பண்ணாலும் நீங்க போட்ட குரூப்ல மட்டும்தான் போகும், அங்கேர்ந்து நாலு பேர் நாலு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணிருப்பாங்க இல்ல, அந்த காப்பி எல்லாம் அப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். ஒரு மெசேஜ ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸப் கட்டுப்பாடு வெச்சுருக்கு, பல கை மாறி வந்த மெசேஜுக்கு ரெட்ட அம்பு போட்டு ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குதான்னு 2020ல இன்னும் இறுக்குனாங்க. ஆனா நம்ம ஆளுங்க அத காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணிடுறாங்க. படம் எடுத்து முடிச்சு எடிட்ல இருக்கும், அப்பகூட "ஹீரோயின் தேவைன்னு பாத்தேன் சார், இன்னும் இருக்கா"ன்னு மதுரைலேர்ந்து ஒரு பொண்ணு நம்பிக்கையோட கேக்கும், அதுக்கு நாம "முடிஞ்சிடுச்சும்மா"ன்னு சொல்லணும். அந்தப் பொண்ணு இதுக்காக செல்ஃப் டேப், அதாவது தானே நடிச்சு எடுக்குற ஆடிஷன் வீடியோ எல்லாம் எடுத்து அனுப்பியிருக்கும். எனக்கு வாட்ஸப் மேல இருக்குற பெரிய வருத்தமே இதுதான்.

இன்னொண்ணு நம்பர். ஒரு வாட்ஸப் குரூப்ல 1024 பேர் வரைக்கும் இருக்கலாம், அத்தன பேரும் உங்க நம்பர பாக்கலாம். ஆர்ட்டிஸ்ட் குரூப்ல சேந்த புதுப் பொண்ணுங்களுக்கு மறுநாளே தெரியாத ஆளுங்ககிட்டேர்ந்து "ஹாய், ஆக்டிங் சான்ஸ் இருக்கு"ன்னு மெசேஜ் வர ஆரம்பிக்குதுன்னா அதுக்கு வழி திறந்து விடுறது இதுதான்.

டெலிகிராம் இந்த விஷயத்துல தெளிவா ஒரு படி மேல. நம்பர மறைச்சுக்கலாம், யூசர்நேம் வெச்சே பேசிக்கலாம். குரூப்ல ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் சேக்கலாம், சேனலுக்கு எண்ணிக்கை வரம்பே இல்ல, ஆனா நம்ம வேலைக்கு அந்த பெரிய நம்பர் தேவையே படாது. தேவைப்படுறது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, இன்னைக்கு சேந்தவரும் பழைய போஸ்ட்ட மேல போய் தேடிப் பாக்கலாம். எடிட்டர், ஃபோகஸ்புல்லர் (கேமராவுல ஃபோகஸ் பாத்துக்குற அசிஸ்டன்ட்), டப்பிங்னு ஹேஷ்டேக் ஒழுங்கா போட்டு வெச்சுருந்தா ஒரு தட்டுல அந்த டிபார்ட்மென்ட் போஸ்ட் மட்டும் வரிசையா வந்துடும். ரெண்டாவது, சேனல்ல போட்டத யாராவது ஃபார்வர்டு பண்ணா எந்த சேனல்லேர்ந்து வந்துச்சுங்கற பேரும் அதோட சேந்தே போகும், அதத் தட்டினா ஒரிஜினல் போஸ்ட்டுக்கே வந்துடலாம், அங்க அட்மின் "ஆள் எடுத்தாச்சு"ன்னு திருத்தி வெச்சுருந்தா பாக்குறவருக்கு உடனே தெரிஞ்சுடும். ஒரு விளம்பரத்த ஒழுங்கா மூட முடியுதுங்கறது சின்ன விஷயம் இல்ல, வாய்ப்பு தேடுற ஒருத்தரோட நேரத்துக்கு நாம குடுக்குற மரியாதை அது.

குறைன்னு பாத்தா, டெலிகிராம்ல நடிக்க ஆர்வம் உள்ளவங்கள விட டெக்னீஷியன்ஸ்தான் அதிகமா கண்ணுல படுறாங்க, அதுலயும் பாதிப்பேர் மியூட்ல போட்டு வெச்சுருக்காங்க. அப்பறம் போலி சேனல் தொல்லை, ஏதாவது ஒரு பெரிய கம்பெனி பேர்ல லோகோவோட ஒண்ணு ஆரம்பிச்சு செலக்ஷன் ஃபீஸ்னு கேப்பாங்க. ஆடிஷனுக்கோ ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கோ போர்ட்ஃபோலியோ போட்டோவுக்கோ காசு கேட்டா அங்கயே நிறுத்திடுங்க, எந்த ஆப்ல நடந்தாலும் சரி. தெரியாம அனுப்பிட்டீங்கன்னா நேரம் கடத்தாம 1930க்கு கூப்பிடுங்க, சைபர் க்ரைம்ல பண மோசடிய சொல்றதுக்கான நம்பர் அது, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ தூரம் பணத்த நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

ஃபேஸ்புக்க இப்ப யாரு பாக்குறா, பெருசுங்கதான் இருக்காங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். யாரையுமே தெரியாத ஒருத்தர் திருநெல்வேலியிலேர்ந்தோ சேலத்துலேர்ந்தோ சினிமாவுக்கு வரணும்னு நினைச்சா, வாட்ஸப் குரூப்ல சேக்க ஒரு ஆள் வேணும், டெலிகிராம்ல எந்த சேனல்னு தெரியணும், ஃபேஸ்புக்ல மட்டும்தான் "குறும்படம்"னு தேடினாலே குரூப் வந்து நிக்குது. நாற்பது வயசுக்கு மேல அம்மா அப்பா கேரக்டர், தாத்தா கேரக்டர், வட்டார வழக்கு நல்லா பேசுற ஆள் இதெல்லாம் தேடுறப்ப எனக்கு நல்ல முகங்க கிடைச்சது ஃபேஸ்புக்லதான், நாடகம் போட்டவங்க, தெருக்கூத்து பண்றவங்க, ரிட்டையர்டு வாத்தியார்னு வருவாங்க. போஸ்ட்ட பின்னாடி எடிட் பண்ணலாம், கமென்ட்ட ஆஃப் பண்ணலாம், குரூப்ல சேர்றப்பயே கேள்வி கேக்கலாம், அட்மின் பாத்து அப்ரூவ் பண்ணாதான் போஸ்ட் வெளிய வரும்னு வெக்கலாம்.

இந்த கடைசி வசதிய ஒழுங்கா யூஸ் பண்ற குரூப்புக்கும் பண்ணாத குரூப்புக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அட்மின் பாக்காத குரூப்ல கமென்ட்ல ஐம்பது பேர் நம்பரையும் போட்டோவையும் பப்ளிக்கா போட்டுட்டு போயிடுவாங்க, அதையெல்லாம் எடுத்து போலி ஆடிஷன் நடத்துறவங்களுக்கு அதவிட சுலபமான வழி கிடையாது. அதனால ஃபேஸ்புக்ல போடுறவங்க முதல் வரியிலயே "கமென்ட்ல நம்பர் போடாதீங்க, கீழ இருக்குற ஃபார்ம்ல மட்டும் அப்ளை பண்ணுங்க"ன்னு எழுதுங்க, அப்பவும் போடுவாங்க, நீங்கதான் உக்காந்து டெலீட் பண்ணணும். இன்னொரு தொந்தரவு, ஃபேஸ்புக் போஸ்ட்ட வரிசைப்படி காட்டாது, ஆடிஷன் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு ஒருத்தருக்கு மேல வந்து நிக்கும். கடைசி தேதிய போஸ்ட்டோட தலையிலயே போடலன்னா அவ்ளோதான்.

இன்ஸ்டா நடிகர் நடிகை தேடுறதுக்கு மட்டும்தான், அதுக்கு ரொம்ப நல்லாவும் இருக்கு. இருபது வயசு ஆளுங்க அங்கதான் இருக்காங்க, அவங்க பேஜுக்கு போனா ரீல்ஸ்லயே நடிப்பு எப்படி, கேமரா முன்னாடி கூச்சம் இருக்கா இல்லையான்னு பாதி தெரிஞ்சுடும். ஆனா எல்லாரும் பண்ற ஒரு வேலை இருக்கு, காஸ்டிங் கால், அதாவது நடிக்க ஆள் தேவைன்னு பெருசா ஒரு போஸ்டர் டிசைன் பண்ணி, தேதி, வயசு, நம்பர் எல்லாத்தையும் படத்துக்குள்ளயே எழுதிடுவாங்க. போட்டதுக்கு அப்பறம் இன்ஸ்டால கேப்ஷன மாத்தலாம், படத்த மாத்த முடியாது. ஷூட் தள்ளிப்போச்சுன்னா கேப்ஷன்ல திருத்துவீங்க, போஸ்டர் பழைய தேதியோட ஸ்கிரீன்ஷாட்டா ஊர் பூரா வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போய்க்கிட்டே இருக்கும். அதனால போஸ்டர்ல கேரக்டர் மட்டும் இருக்கட்டும், தேதியும் மத்த விவரமும் கேப்ஷன்ல இருக்கட்டும், 2200 எழுத்து வரைக்கும் எழுதலாம், தாராளமா போதும். கேப்ஷன்ல லிங்க் போட்டா தட்ட வராது, உங்க பேஜோட மேல இருக்குற பயோலதான் வெக்கணும். நீங்க ஃபாலோ பண்ணாதவங்க அனுப்புற டிஎம் (தனி மெசேஜ்), ரிக்வெஸ்ட்ங்கற பகுதிக்குள்ள போய் உக்காந்துக்கும், அதத் தினமும் திறந்து பாக்காம "யாருமே அப்ளை பண்ணல"ன்னு சொல்றது நியாயம் இல்ல. கேமரா, எடிட்டிங், சவுண்ட் ஆளுக்கு இன்ஸ்டால போட்டு நல்லா வந்து நான் பாத்ததே இல்ல.

லிங்க்ட்இன் விஎஃப்எக்ஸ், போஸ்ட் புரொடக்ஷன் கம்பெனிக்கு மாசச் சம்பள ஆள் எடுக்க சரி, மூணு நாள் ஷூட்டுக்கு அது வேணாம். வெளிநாட்டுல மேண்டி, பேக்ஸ்டேஜ் மாதிரி தனி சைட்டே இருக்கு, பேக்ஸ்டேஜ் 1960ல நியூயார்க்ல பேப்பரா ஆரம்பிச்சது. தமிழ் குறும்படத்துக்கு அங்க போட்டு பிரயோஜனம் இல்ல, ஆனா அங்க போட்டிருக்குற விளம்பரங்கள பத்து நிமிஷம் படிச்சுப் பாருங்க, என்ன ரோல், எந்த ஊர், எந்த தேதி, காசு உண்டா இல்லையா, எல்லாத்துக்கும் ஒரு இடம் வெச்சுருக்காங்க.

நம்ம குரூப்கள்ல வழக்கமா வர்றது இப்படி: "ஷார்ட் ஃபிலிம் ஹீரோயின் தேவை, ஏஜ் 18 டு 25, ஃபேர் ஸ்கின், குட் லுக்கிங், இன்ட்ரஸ்டட் பீப்புள் போட்டோ வாட்ஸப் பண்ணவும்." யாரு எடுக்குறாங்கன்னு இல்ல, கதை என்னன்னு ஒரு வரி இல்ல, எத்தன நாள்னு இல்ல, சம்பளம் பத்தி பேச்சே இல்ல, கேக்கறது நிறமும் போட்டோவும் மட்டும். இதே தேவைய இப்படி எழுதலாம்: "20 நிமிட குறும்படம். தாம்பரத்துல மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்குற பொண்ணு கேரக்டர், பாக்க 22லேர்ந்து 28 வயசு மாதிரி இருக்கணும், செங்கல்பட்டு பக்கத்து பேச்சு வந்தா நல்லது. மூணு நாள் ஷூட், அதுல ஒரு நாள் நைட், வீட்டுக்கு கொண்டு விட கார் உண்டு. ஒரு நாளைக்கு இவ்ளோ சம்பளம், டப்பிங்குக்கு தனி. போட்டோ வேணாம், ஒரு நிமிஷ செல்ஃப் டேப் போதும். ஆடிஷன் நேர்ல, பகல்ல, கூட யாரையும் கூட்டிட்டு வரலாம். கடைசி தேதி ஞாயிறு." டைரக்டர் பேரும் முன்னாடி பண்ண வேலையோட லிங்க்கும் கீழ. முதல் விளம்பரத்துக்கு முந்நூறு போட்டோ வரும், ரெண்டாவதுக்கு முப்பது செல்ஃப் டேப் வரும், அந்த முப்பதுல உங்க ஆள் இருப்பாங்க.

காசு இல்லன்னா "சம்பளம் இல்ல, சாப்பாடும் டிராவலும் மட்டும்"னு நேரா எழுதுங்க. "பேமென்ட் டிஸ்கஸ் பண்ணிக்கலாம்"னு எழுதிட்டு நேர்ல வந்தப்பறம் "இது ஃபெஸ்டிவலுக்கு போகுது, உங்களுக்கு எக்ஸ்போஷர்"னு சொல்றது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். ஒரு அசிஸ்டன்ட் டைரக்டர் சாலிகிராமத்துல ரூம் வாடகை குடுத்துக்கிட்டு, வேற வேலைக்கு லீவு போட்டுட்டு உங்கள பாக்க வர்றார், அவருக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே அது தெரியணும்.

குழந்தை நட்சத்திரம் தேடுறவங்களுக்கு இன்னும் கூடுதல் பொறுப்பு இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2017 விதிகள்படி மாவட்ட கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும், ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, அதுலயும் தொடர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல ரெஸ்ட் இல்லாம கூடாது, சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல பேங்க்ல ஃபிக்ஸட் டெபாசிட்டா போடணும். இத விளம்பரத்துலயே ஒரு வரியா எழுதிட்டீங்கன்னா அப்பா அம்மாவுக்கு உங்க மேல நம்பிக்கை வரும். குழந்தை போட்டோவ பெரிய குரூப்ல போடச் சொல்லவே கூடாது, ஃபார்ம் வழியா மட்டும் வாங்குங்க.

ஃபார்ம்னு வர்றப்ப ஒரு சின்ன விஷயம், கூகுள் ஃபார்ம்ல வீடியோவ நேரா அப்லோட் பண்ண விட்டா அது உங்க டிரைவ் இடத்த எடுத்துக்கும், ஃப்ரீயா இருக்குற 15 ஜிபி செல்ஃப் டேப்லயே நிரம்பிடும், அனுப்புறவங்களும் ஜிமெயில்ல லாகின் பண்ணாதான் அப்லோட் ஆகும். யூடியூப்ல அன்லிஸ்டட்ல (லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்குற மாதிரி) போட்டு லிங்க் மட்டும் குடுக்கச் சொல்றது ரெண்டு பேருக்கும் வசதி.

நான் இப்ப பண்றது, யார் கேட்டாலும் பண்ணச் சொல்றது இதுதான்: முழு விவரமும் டெலிகிராம் சேனல்ல ஒரே ஒரு போஸ்ட், அட்மின் சரிபார்த்து போடுற சேனல் பாத்து. ஃபேஸ்புக்லயும் வாட்ஸப்லயும் ரெண்டு வரியும் அந்த லிங்க்கும் மட்டும், ஆர்ட்டிஸ்ட் வேணும்னா இன்ஸ்டால தேதி இல்லாத ஒரு போஸ்டர், பயோல அதே லிங்க். தேதி மாறினா ஒரே இடத்துல திருத்தினா போதும், வாட்ஸப்ல அந்த ரெண்டு வரி எவ்ளோ நாள் சுத்தினாலும் தட்டினா வர்றது திருத்தின போஸ்ட்தான். நாளைக்கே ஆள் வேணும்ங்கற அவசரத்துக்கு மட்டும் இதெல்லாம் விட்டுட்டு நேரா வாட்ஸப் குரூப். ஆள் கிடைச்ச அன்னைக்கே டெலிகிராம் போஸ்ட்டோட முதல் வரிய "ஆள் எடுத்தாச்சு"ன்னு மாத்திட்டு ஃபார்ம மூடிடுங்க, செல்ஃப் டேப் அனுப்பி செலக்ட் ஆகாதவங்களுக்கு ஒரு வரி மெயிலாவது போட்டுடுங்க, கோடம்பாக்கத்துல அந்த ஒரு வரிக்காக வாரக்கணக்குல காத்துக்கிட்டு இருக்குறவங்க நெறைய.