கிராஷ் ஆன 46 குளோ இன்ஜின்: கழட்டி ரெடி பண்றதா, புதுசு வாங்குறதா, எலக்ட்ரிக் போறதா?

ரிமோட்ல பறக்குற மாடல் பிளேன் மூக்கு குத்தி விழுந்ததும் கை தானா ப்ராப்புக்குத்தான் (முன்னாடி சுத்துற விசிறி) போகும், தயவுசெஞ்சு சுத்திப் பாக்காதீங்க. கார்புரேட்டர் வாய்ல போன மண்ணு கிராங்க்ஷாஃப்ட் துளை வழியா உள்ள இறங்கியிருக்கும், அப்படியே சுத்தினா பிஸ்டன், லைனர் (பிஸ்டன் ஓடுற உள்குழாய்) ரெண்டுலயும் கோடு விழுந்துரும். மொதல்ல கழட்டி கெரசின்ல கழுவுங்க, முடிவு அப்புறம்.

இங்க பேசுறது 46 சைஸ் (0.46 கன அங்குலம்) டூ ஸ்ட்ரோக் குளோ இன்ஜின், அதாவது மெத்தனால் எரிபொருள்ல, சூடான குளோ பிளக்கால பத்திக்கிற சின்ன மாடல் இன்ஜின், 7.5 சிசி பக்கம் வரும், ஓஎஸ் கம்பெனியோட 46ஏஎக்ஸ் மாதிரி.

என் ஓட்டு கழட்டி பேரிங் மாத்துறதுக்குத்தான். கேஸ் (இன்ஜினோட அலுமினிய உடம்பு) உடையல, கிராங்க்ஷாஃப்ட் வளையலன்னா வேற யோசனையே வேணாம், ரெண்டு பேரிங்கோட விலை புது இன்ஜின் விலையில சின்ன பங்குதான். கார்புரேட்டர், ஓ-ரிங், பேக்பிளேட் (பின்மூடி) எல்லாம் எடுத்துட்டு கிராங்க்கையும் வெளிய தட்டி எடுத்துட்டு, எரிபொருள் வாசனையே இல்லாத அளவுக்கு கழுவி காயவிட்டு, வெறும் கேஸை மட்டும் ஓவன்ல 150 டிகிரி பக்கம் சூடாக்கி மரக்கட்டை மேல ஒரு தட்டு தட்டினா பின் பேரிங் தானா விழும், ஏன்னா அலுமினியம் இரும்பை விட அதிகமா விரியும். புது பேரிங்கை ஃப்ரீசர்ல வச்சிருந்து சூடான கேஸ்ல போட்டா வழுக்கிட்டு உக்காரும். கடையில சும்மா நம்பர் மட்டும் சொல்லி வாங்கிட்டு வராதீங்க, பின் பேரிங் ரெண்டு பக்கமும் திறந்ததா இருக்கணும், ஆயில் அது வழியாத்தான் போகுது. பழசை எடுக்குறப்போ பெரும்பாலும் துரு தெரியும், மெத்தனால் ஈரத்தை இழுக்கும், எரிபொருள்ல கலக்குற நைட்ரோமீத்தேன் எரிஞ்சு ஆசிட் விடும், அதனால கிராஷ் ஆகலன்னாலும் அந்த பேரிங் என்னைக்காவது மாத்த வேண்டியதுதான்.

பிஸ்டன் லைனர்ல கோடு விழுந்திருந்தா கணக்கு மாறும். ரிங் போட்ட இன்ஜின்னா லேசான கோட்டுக்கு ரிங் மட்டும் மாத்தி தப்பிக்கலாம். ரிங் இல்லாத ஏபிசி, ஏபிஎல் டைப்ல (உள்பக்கம் பூச்சு போட்ட பித்தளை லைனர்) அது நடக்காது, லைனர் மேல போகப்போக குறுகும், பிஸ்டனும் லைனரும் ஜோடியாத்தான் வாங்கணும், பழைய இன்ஜின் ஒண்ணுல பிஸ்டனும் இன்னொண்ணுல லைனரும் எடுத்து சேர்த்தா கம்ப்ரெஷன் நிக்காது. (கழுவின ஏபிசி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில இறுக்கமா பிடிச்சா பயப்படாதீங்க, அது நல்ல அறிகுறி. வேற இடத்துல பிடிச்சாதான் சந்தேகம்.)

புதுசு எப்போ? ப்ராப் டிரைவர் (ப்ராப்புக்கு பின்னாடி இருக்குற வட்டு) சுத்தும்போது ஆடுச்சுன்னா கிராங்க் வளைஞ்சிருக்கு, அதை தட்டி நிமுத்தவே கூடாது, கெட்டிப்படுத்தின ஸ்டீல், ஓடும்போது உடைஞ்சா ப்ராப் ஆள் மேலதான் வரும். இன்ஜினை பிளேன்ல திருகுற மவுன்ட் காது உடைஞ்சிருந்தாலும் அதே பதில்தான், வெல்டிங் சூட்டுல கேஸ் கோணிக்கும். இதோட பிஸ்டன் செட்டும் போயிருந்தா பார்ட்ஸ் விலையே புதுசு கிட்ட வந்துரும்.

எலக்ட்ரிக் நல்ல சாய்ஸ்தான், ஆனா அது இன்ஜினைப் பொறுத்த முடிவு இல்ல, பிளேனைப் பொறுத்தது. மஃப்ளரோட அரை கிலோ பக்கம் இருந்த வெயிட் மூக்குல இருந்து போயிரும், பேட்டரியை முன்னாடி தள்ள இடம் வேணும், ஆயில் ஊறின ஃபயர்வால்ல (இன்ஜின் மாட்டுற மூக்குப் பலகை) எப்பாக்ஸி சரியா ஒட்டாது. மூக்கையே புதுசா கட்டுறீங்கன்னா தாராளமா போங்க, பிளேன் முழுசா இருந்தா பேரிங் மாத்துங்க, மாத்திட்டு மொத ரெண்டு டேங்கை ரிச்சா (எரிபொருள் கொஞ்சம் கூடுதலா விட்டு) ஓட்டுங்க.