30 வோல்ட், 3 ஆம்ப் பவர் சப்ளை கிட்: சர்க்யூட்டை நம்பலாம், அட்டையில் போட்ட எண்ணை நம்பக் கூடாது

'0–30 வோல்ட், 2 மில்லிஆம்ப் முதல் 3 ஆம்ப் வரை' என்று எழுதி விற்கும் பெஞ்ச் பவர் சப்ளை கிட்டை ஆன்லைனில் பார்க்காத எலக்ட்ரானிக்ஸ் ஹாபிக்காரர் குறைவு. ஒரு சின்னப் பைக்குள் போர்டு, மூன்று டிஎல்081 ஐசி, 3300 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், நான்கு 1என்5408 டயோடு, 0.47 ஓம் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர், அவுட்புட்டுக்கு ஒரு 2எஸ்டி1047 டிரான்சிஸ்டர், வோல்டேஜுக்கு ஒன்று கரண்டுக்கு ஒன்று என இரண்டு 10கே பாட் (நாப் வைத்துத் திருப்பும் ரெசிஸ்டர்). அடிப்படை சர்க்யூட் பழையது, பலர் கட்டிப் பார்த்தது, நன்றாக யோசித்துப் போட்டது. வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்தே ஏறும். கரண்டுக்கு நாமே வரம்பு வைக்கலாம். வரம்பைத் தொட்டால் எல்இடி எரிந்து சொல்லும். 1.25 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத, கரண்ட் நாப் இல்லாத சாதாரண எல்எம்317 சப்ளையோடு ஒப்பிட்டால் இது ஒரு படி மேல்.

குறை அந்த 30, 3 என்ற எண்களில்தான். விற்பவர் சொல்வதை அப்படியே கேட்டு 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் லோடு இல்லாதபோது ஏறக்குறைய 26.4 வோல்ட் கொடுக்கும். 1.414-ஆல் பெருக்கி, டயோடுகளில் இறங்கும் 1.4 வோல்ட்டைக் கழித்தால் கெப்பாசிட்டரில் 36 வோல்ட் நிற்கும். ஆனால் மூன்று டிஎல்081-இல் போர்டில் யூ2, யூ3 என்று குறித்த இரண்டு ஐசிகளின் 4-ஆம் கால் கிரவுண்டில் இல்லை, மைனஸ் 5 வோல்ட் லைனில் இருக்கிறது. ஆக ஐசியின் மேல் விழுவது 41 வோல்ட். டிஎல்081 தாங்கும் உச்சம் 36. இரவில் 230 வோல்ட் கரண்ட் லைன் 245, 250 என்று ஏறும் வீடுகளில் இது இன்னும் கூடும். சில ஐசிகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், சில முதல் நாளே போகும். யூ2 ஷார்ட்டாகி அவுட்புட் மேலே ஒட்டிக்கொண்டால், 5 வோல்ட்டுக்கு மாட்டிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குள் 30 வோல்ட்டுக்கு மேல் பாயும். கிட்டின் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

யூ2, யூ3 இரண்டையும் 44 வோல்ட் தாங்கும் டிஎல்இ2141-க்கு மாற்றுவது பலரும் சொல்லும் வழி. நல்ல யோசனைதான். ஆனால் லைன் 250-ஐத் தொடும் இடத்தில் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரோடு அந்த 44-ம் போதாமல் போகிறது. டிரான்ஸ்பார்மரைக் குறைப்பதே உருப்படியான வழி.

3 ஆம்ப் என்ற வாக்கும் நிற்காது. 50 ஹெர்ட்ஸ் லைனில் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுக்கும் ஒரு தடவை கெப்பாசிட்டர் நிரம்பும். நடுவில் சுமார் 8 மில்லிசெகண்டு அது தனியாகவே 3 ஆம்ப் கொடுத்தாக வேண்டும். 3300 மைக்ரோஃபாரட் என்றால் அந்த இடைவெளியில் 7 வோல்ட்டுக்கு மேல் சரியும். லோடு இழுக்கும்போது உச்சம் 32, பள்ளம் 25. டிரான்சிஸ்டர்களிலும் 0.47 ஓமிலும் இன்னும் மூன்று, மூன்றரை வோல்ட் போய்விடும். கையில் கிடைப்பது 21 வோல்ட்தான். அதற்கு மேல் நாப்பைத் திருப்பினால் அவுட்புட்டில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (வோல்டேஜ் ஏறி இறங்கும் அலை) வரும், ஆடியோ ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்தால் காதிலேயே கேட்கும்.

சூட்டுக் கணக்கு இன்னும் மோசம். அவுட்புட்டை ஷார்ட் செய்து 3 ஆம்ப் ஓடவிட்டால் டிரான்சிஸ்டர் மேல் சுமார் 28 வோல்ட், 84 வாட். 2எஸ்டி1047-க்கு 100 வாட் என்று போட்டிருப்பது அதன் உடம்பு 25 டிகிரியில் இருந்தால் மட்டும் பொருந்தும். உள்ளே சூடு பிறக்கும் இடமான ஜங்ஷனிலிருந்து உடம்புக்கு வாட்டுக்கு 1.25 டிகிரி, ஹீட் சிங்க்கோடு மின்தொடர்பு வராமல் நடுவே வைக்கும் மைக்காத் தகட்டில் இன்னொரு 0.5 டிகிரி. 84 வாட்டுக்கு ஹீட் சிங்க்கைவிட ஜங்ஷன் 147 டிகிரி கூடுதலாக இருக்கும். அதன் வரம்போ 150. ஹீட் சிங்க்கை ஐஸ் கட்டியில் வைத்தாலும் வரம்பின் விளிம்பில்தான் நிற்கும். எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் போட்டாலும் ஒற்றை டிரான்சிஸ்டரால் இந்த வேலை ஆகாது.

இதே கிட்டை 18 வோல்ட், 1.5 ஆம்ப் சப்ளையாக நினைத்துக் கட்டுங்கள். அருமையாக வேலை செய்யும். கடையில் '9-0-9, 3 ஆம்ப்' என்று கேட்டால் கிடைக்கும். நடு ஒயரை ஸ்லீவ் போட்டு மூடிவிட்டு இரண்டு ஓர ஒயர்களை எடுத்தால் 18 வோல்ட். 1.5 ஆம்ப் டிசி எடுக்க 3 ஆம்ப் டிரான்ஸ்பார்மர் எதற்கு என்றால், கெப்பாசிட்டர் சின்னச் சின்ன வேகமான இழுப்புகளாகக் கரண்டை எடுப்பதால் வைண்டிங்கில் ஓடும் ஆர்எம்எஸ் கரண்ட் (வைண்டிங்கைச் சூடாக்கும் அளவு) டிசியைப்போல் 1.8 மடங்கு வரை வரும். கிட்டைவிட டிரான்ஸ்பார்மருக்குத்தான் பெரும்பாலும் கூடுதல் செலவு. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த 18 வோல்ட்டில் ஐசி மேல் 32 வோல்ட்தான், லைன் ஏறினாலும் 34-க்குள் நிற்கும். ஷார்ட்டில் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது 33 வாட். வாட்டுக்கு 1 டிகிரி ஹீட் சிங்க்கும் ஒரு ஃபேனும் போதும். சித்திரை வெயிலிலும் ஜங்ஷன் 130-ஐத் தாண்டாது.

கெப்பாசிட்டரை 10000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்டாக மாற்றினால் 18 வோல்ட் வரை சுத்தமாக வரும். போர்டில் இடம் இல்லையென்றால் கனமான ஒயரில் வெளியே எடுத்துக் கிளாம்ப் போடலாம். வோல்டேஜ் நாப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கு சும்மா சுற்றும், அதனால் கெடுதல் இல்லை.

கரண்ட் வரம்பைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் மாற்றினால் போதும், ஆனால் எதை மாற்றுவது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். போர்டில் 56கே இரண்டு இருக்கும். ரெஃபரன்ஸிலிருந்து (ஒரு ஸீனர் டயோடு நிலையாக வைக்கும் வோல்டேஜ்) கரண்ட் பாட்டின் மேல் முனைக்குப் போவது ஆர்18. அதை 150கே ஆக்கினால் உச்சம் ஒன்றரை ஆம்ப் அளவில் நிற்கும் (கிட்டில் ஸீனர் 5.1 வந்தால் சற்றுக் குறைவு, 5.6 வந்தால் சரியாக ஒன்றரை). இன்னொரு 56கே, ஆர்12, அவுட்புட் வோல்டேஜைத் தீர்மானிக்கும் டிவைடரில் இருக்கிறது. தவறி அதை மாற்றினால் நாப்பைக் கால்வாசி திருப்பும்போதே வோல்டேஜ் முழுதாக எகிறிவிடும். சால்டர் செய்யுமுன் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, பாட்டின் காலிலிருந்து ட்ராக்கைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

போர்டைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஐசிகளுக்கு சாக்கெட் போடுங்கள். சிமென்ட் ரெசிஸ்டரைப் போர்டோடு ஒட்டி வைக்காமல் 10 மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள். 3 ஆம்ப்பில் அது 4 வாட்டுக்கு மேல் கக்கும். ஒட்ட வைத்த போர்டுகளைத் திருப்பிப் பார்த்தால் அதன் காலடியில் வட்டமாகப் பழுப்பேறி, சால்டர் மங்கிக் கீறல் விட்டிருக்கும். மைனஸ் லைனில் வரும் 47 மைக்ரோ கெப்பாசிட்டருக்கு ப்ளஸ் முனை கிரவுண்டில் இருக்கும், அவசரத்தில் மாறிப்போவது அதுதான். டிரான்சிஸ்டரின் உலோக முதுகு கலெக்டர், அதாவது கெப்பாசிட்டரின் ப்ளஸ். மைக்கா, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ், இருபுறமும் மெல்லியதாக பேஸ்ட் போட்டு இறுக்கியபின் ஹீட் சிங்க்குக்கும் முதுகுக்கும் நடுவே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

பாட் ஒயர்களைக் கிட்டில் வரும் சின்ன கனெக்டரில் விடாமல் நேராக சால்டர் செய்வது நல்லது. வோல்டேஜ் பாட்டின் நடுக்கால் கழன்றால் அவுட்புட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நடுக்கால் ஒயர் வந்து சேரும் போர்டு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்றைப் போட்டுவிட்டால், ஒயர் கழன்றதும் வோல்டேஜ் கீழே இறங்கும். அதை பாட் பக்கம் போட்டால் ஒயர் கழலும்போது காப்பாற்றாது.

லேப்டாப் அடாப்டரை மாட்டி 'வேலை செய்யவில்லை' என்று ஒரு ஸ்டார் போடுபவர்கள் உண்டு. மைனஸ் 5 வோல்ட்டை இந்த சர்க்யூட் ஏசியிலிருந்துதான் தயாரிக்கிறது. டிசி கொடுத்தால் அது பிறக்காது, பாதுகாப்பு டிரான்சிஸ்டர் அவுட்புட்டைப் பூஜ்யத்தில் பிடித்துவைக்கும். கிட்டில் கோளாறு இல்லை.

இனி கிட்டில் வராத, ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட 230 வோல்ட் பக்கம். இங்கே மரப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். இரும்புப் பெட்டி, அதற்கு எர்த். மூன்று பின் இன்லெட், ஃபியூஸ் சேர்ந்தே வருவதாகப் பாருங்கள். நம் 54 விஏ (18 வோல்ட் × 3 ஆம்ப்) டிரான்ஸ்பார்மருக்கு 500 மில்லிஆம்ப், ஸ்லோ-ப்ளோ வகை. வேகமான ஃபியூஸ் போட்டால் ஆன் செய்யும் கணத்து இழுப்பிலேயே போகும், பொறுமை போய் 5 ஆம்ப் போடத் தோன்றும், அதோடு ஃபியூஸ் இருந்தும் இல்லாத கதை. ஸ்விட்ச் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டை வகை. பச்சை-மஞ்சள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட நீளமாக விடுங்கள், இழுபட்டால் அது கடைசியில்தான் அறுபட வேண்டும். ரிங் லக்கை கிரிம்ப் செய்து, பெட்டியின் பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தில், பல் வாஷர் வைத்து, தனி போல்ட்டில் முறுக்குங்கள். டிரான்ஸ்பார்மரைப் பிடிக்கும் போல்ட்டையே இதற்கும் பயன்படுத்தக் கூடாது. முடிந்தபின் பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் எந்த ஸ்க்ரூவுக்கும் நடுவே மீட்டர் அரை ஓமுக்குள் காட்ட வேண்டும். ஹீட் சிங்க்கில் 70 டிகிரி கேஎஸ்டி301 தெர்மல் ஸ்விட்ச் ஒன்றை முறுக்கி, பிரைமரியோடு சீரிஸில் விட்டால் ஃபேன் நின்றாலும் கவலையில்லை. அதன் இரண்டு காலிலும் 230 வோல்ட் இருக்கும் என்பதால் ஸ்லீவ் கட்டாயம்.

முதல் தடவை நேராக பிளக்கில் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் வேண்டும், அதாவது லைனுக்கும் சப்ளைக்கும் நடுவே சீரிஸில் ஒரு பல்பு. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஐசி சாக்கெட்டுகள் காலியாக இருக்கட்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் பிளக்கைப் பிடுங்கி ஷார்ட் தேடுங்கள். மங்கினால் கெப்பாசிட்டரில் சுமார் 25–27 வோல்ட், யூ2-இன் 4-ஆம் காலில் மைனஸ் 5 வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் வந்தபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டர் காலியாகக் காத்திருங்கள். 10000 மைக்ரோவுக்கு போர்டில் உள்ள 2.2கே வழியாக இரண்டு நிமிடம் ஆகும். மீட்டர் 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டியபின்தான் ஐசிகளைச் செருக வேண்டும். பிறகு வோல்டேஜ் நாப் முழுக்க இடதுபக்கம், போர்டில் உள்ள ஆர்வி1 ப்ரீசெட்டை (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன பாட்) திருப்பி அவுட்புட்டைச் சரியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் கரண்ட் நாப்பைக் குறைத்து, அம்மீட்டரை நேரடியாக அவுட்புட்டில் வைத்து ஷார்ட் செய்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். எல்இடி எரிந்து, கரண்ட் 1.5-க்குள் நிற்க வேண்டும்.

வோல்ட்-ஆம்ப் டிஸ்ப்ளே மாட்டுபவர்கள் 30 வோல்ட் வரை தாங்கும் அந்தச் சின்ன மூன்று இலக்க மீட்டரைத்தான் வாங்குவார்கள். அதற்குத் தனி சப்ளை கொடுங்கள், நல்ல 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் போதும். இதே போர்டிலிருந்து எடுத்தால் அதன் மெல்லிய கருப்பு ஒயர் வழியாக லோடு கரண்ட் திருட்டுப் பாதை பிடித்து, அளவு தப்பாகக் காட்டும், ஒயரும் பொசுங்கும்.

அவுட்புட்டில் 'ரிப்பிள் குறையட்டும்' என்று 1000 மைக்ரோ சேர்க்கும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம். கிட்டில் உள்ள 10 மைக்ரோவே போதும். கரண்ட் வரம்பு ஐசி சொல்வதைக் கேட்கும், அவுட்புட் முனையில் நிரம்பி நிற்கும் கெப்பாசிட்டர் யார் சொல்வதையும் கேட்காது. 20 மில்லிஆம்ப் வரம்பு வைத்துவிட்டு எல்இடியைத் தொட்டாலும் முதல் கணத்தில் முழு சார்ஜும் அதற்குள் இறங்கி, எல்இடி பட்டென்று போகும். பேட்டரி சார்ஜ் செய்வதாக இருந்தால் ப்ளஸ் ஒயரில் ஒரு 1என்5408 சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பேட்டரி திரும்பி போர்டுக்குள் பாயாமல் அது தடுக்கும்.

பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்து பெஞ்ச் சப்ளை ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல். அதற்குள் 325 வோல்ட் டிசி நிற்கும் கெப்பாசிட்டர்கள் உண்டு, 12 வோல்ட் லைன் ஷார்ட்டானால் பத்து, இருபது ஆம்ப் தயங்காமல் கொடுக்கும், கரண்ட் நாப் என்பதே கிடையாது. 20 வோல்ட்டுக்கு மேல், 2 ஆம்ப்புக்கு மேல் அடிக்கடி தேவைப்படுபவர்கள் இந்த கிட்டையும் விட்டுவிட்டு ரெடிமேட் சப்ளை வாங்கிவிடலாம். மற்றவர்கள் வாங்கும்போதே கூடவே நான்கு டிஎல்081, இரண்டு 2எஸ்டி1047, ஒரு பாக்கெட் 500 மில்லிஆம்ப் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், ஒரு 150கே சேர்த்து ஆர்டர் போடுங்கள்.