64 படி இறக்கிய டிரோலி: ஆள் பிடிக்காமல் வீடு மாறிய அனுபவம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் லிஃப்ட் இல்லாத பிளாட்டில் மேல் மாடி எங்கள் வீடு. ஒரு மாடிக்கு 16 படி, நாலு மாடிக்கு 64 படி. பதினோரு வருடம் அதில்தான் ஏறி இறங்கினோம். என் கணவருக்கு முதுகில் தட்டு விலகி, இனிமேல் பாரமே தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு தரை வீடு தேட ஆரம்பித்தோம். பட்டணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்குக் கிடைத்தது. தூரம் மூன்று கிலோமீட்டர்தான்.

வீடு மாற்றிக் கொடுக்கும் ஆட்களிடம் விலை கேட்டேன். ஈப்போவில் இருந்து வருகிறவர்கள். 780 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள். லிஃப்ட் இல்லை என்றால் மாடிக்கு இவ்வளவு என்று தனியாகச் சேர்க்கிறார்கள். தூக்குகிறவன் உடம்புக்குக் கூலி வேண்டும்தானே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதம் புது வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம், கரண்டு தண்ணீருக்கு அரை மாதப் பணம், முதல் மாத வாடகை எல்லாம் ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. 780 வெள்ளிக்கு இடமே இல்லை.

என் தம்பி கட்டட வேலை செய்கிறவன். அவன்தான் சொன்னான்: "ஆளுக்கு நான் இருக்கேன்க்கா, அண்ணன் பையன்க ரெண்டு பேரும் வருவானுங்க. படிதான் பிரச்சினை. படி இறங்குற டிரோலி ஒன்னு வாங்கிடுங்க." பெரிய சடக்கில் (சாலையில்) இருக்கும் இரும்புக்கடையில் 168 வெள்ளிக்கு வாங்கினேன். பெயர் போட்ட கம்பெனி பொருள் இல்லை. இரும்புக் குழாய் உடம்பு, அடியில் மடிக்கிற தட்டு, பக்கத்துக்கு மூன்று சக்கரம். வாங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் மூன்று குடும்பங்கள் இதை வைத்து வீடு மாறிவிட்டன. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

சாதாரண டிரோலிக்கு இரண்டு சக்கரம். படியில் இறக்கும்போது அது ஒவ்வொரு படியிலும் தொப்பென்று விழும். நடுப்படியில் நிற்க முடியாது, கை விட்டால் உருண்டு போகும். இதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று சின்னச் சக்கரங்கள் முக்கோணமாகப் பொருத்தியிருக்கும். படி விளிம்பு வந்ததும் அந்த முக்கோணம் முழுவதும் சுழன்று, அடுத்த சக்கரம் கீழ்ப்படியில் போய் உட்காரும். ஒரு படியில் இரண்டு சக்கரம் ஊன்றி நிற்பதால் அங்கேயே நிறுத்தி மூச்சு வாங்கலாம். நாலு மாடி இறக்குகிறவர்களுக்கு இந்த நிற்கிற வசதி பெரிய விஷயம். இதற்காகவே காசு கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன்னால் படியின் உயரத்தை அளந்து பாருங்கள். தம்பி என்னை அளக்கச் சொன்னான். எங்கள் படி பதினேழரை சென்டிமீட்டர். மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் கட்டட விதிப்படி படி உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாதாம், அதனால் பெரும்பாலான பிளாட்டுகளில் சரியாக இருக்கும் என்றான். ஆனால் சொந்தமாகச் சிமெண்டு போட்டுக் கட்டின வீட்டுப் படிகள் அப்படி இருக்காது. படி அதிக உயரமாக இருந்தால் முக்கோணம் சுழலாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அம்மாவின் தங்கச்சி வீட்டில் அப்படித்தான் ஆனது.

டிரோலியில் 150 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அது சமதரையில் தள்ளுவதற்கு. படியில் அதில் பாதியைக்கூட நம்ப வேண்டாம். பிரேக் எதுவும் கிடையாது. சாமான் கீழே போகாமல் பிடித்து வைத்திருப்பது மேலே நிற்கிறவரின் கைதான். ஐம்பது கிலோ வரைக்கும் தம்பி ஒருவனே இறக்கினான். அதற்கு மேல் என்றால் மேலே ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் பக்கவாட்டில் நின்று வழிகாட்ட வேண்டும். நேர் கீழே யாரும் நிற்கவே கூடாது. அண்ணன் பையன் ஒருவன் ஆர்வத்தில் நேர் கீழே போய் நின்றான். அன்றைக்கு முழுவதும் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

கூடவே கொடுக்கிற ரப்பர் கயிற்றைத் தூர எறிந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கொக்கி வைத்த கயிறு அது. முதல் நடையிலேயே, இரண்டாவது மாடியில், கொக்கி நிமிர்ந்து பெட்டி சரிந்து ஐந்து படி உருண்டது. மகள் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்த புத்தகங்களும் நோட்டுகளும் அதில் இருந்தன. ஒன்றும் ஆகவில்லை. அதுவே கண்ணாடிச் சாமானாக இருந்திருந்தால், இல்லை கீழே ஒரு குழந்தை வந்திருந்தால்? அங்கேயே வேலையை நிறுத்தினோம். லோரிக்கார அண்ணன் சாமான் இறுக்கும் பட்டை இரண்டு வைத்திருந்தார், இழுத்து இழுத்துப் பூட்டுகிற வகை. அதைப் போட்ட பிறகு ஒரு பெட்டிகூட அசையவில்லை. டிரோலி வாங்கும் அன்றைக்கே அந்தப் பட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். நான் இப்போது சொந்தமாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறை, திருப்பம். எங்கள் பிளாட்டில் எட்டுப் படிக்கு ஒரு திருப்பம். அந்த இடம் குறுகல். டிரோலியை நிமிர்த்தி, அடித்தட்டை உரசிக்கொண்டு திருப்ப வேண்டும். ஆறு சக்கரமும் நேராகத்தான் ஓடும், தானாக வளையாது. பெட்டி மட்டும் என்றால் சிரமமில்லை. நீளமான சாமானுக்கு அந்த இடத்தில் மூன்று பேர் வேண்டும்.

பெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், டிரோலி நன்றாக வேலை செய்வது பாதி பெட்டியைப் பொறுத்துத்தான். காசு கொடுத்து நான் ஒரு பெட்டிகூட வாங்கவில்லை. மளிகைக் கடையில் 5 கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தல்கள் வருகிற பெட்டியைக் கேட்டு வாங்கினேன். இருபது கிலோ எண்ணெயைத் தாங்குகிற அட்டை அது, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கினாலும் நசுங்காது. மைலோ பெட்டியும் நல்லதுதான். கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டு வருகிற பெரிய பெட்டி வேண்டாம், இடுப்பில் உடைகிறது. புத்தகம், பாத்திரம் எல்லாம் சின்னப் பெட்டியில், துணி மட்டும் பெரிய பெட்டியில். இப்படிக் கட்டினால் எந்த நடையும் கைக்கு மீறாது.

ஐஸ் பெட்டியை (ஃபிரிட்ஜை) முதல் நாள் இரவே நிறுத்தி, ஐஸ் கரைந்த தண்ணீரைத் துடைத்து, கதவை டேப் போட்டு ஒட்டினோம். போர்வை சுற்றி, இரண்டு பட்டையும் போட்டு, தம்பி மேலேயும் அண்ணன் பையன்கள் இரண்டு பக்கமும் நின்று இறக்கினார்கள். இருபது நிமிடம் ஆனது. லோரியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கட்டினோம். புது வீட்டில் போய் நாலு மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட்டேன். சாய்த்து இறக்கும்போது கம்ப்ரெசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது திரும்பி இறங்குவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் கம்ப்ரெசர் கெட்டுப் போகும்.

அலமாரியைக் கழற்றித்தான் இறக்கினோம். இப்போது விற்கிற அலமாரிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. முழுசாகத் தூக்கினால் திருகு போகிற ஓட்டை உதிர்ந்துவிடும், மறுபடி பூட்ட முடியாது. திருகுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தந்தப் பலகையின் பின்னாலேயே ஒட்டினேன். மெத்தையை டிரோலியில் வைக்கவே முடியாது, கையால்தான் இழுத்தோம்.

அப்புறம் அம்மாவின் அம்மி. இதை எழுதாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா லிந்தாங் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்து லோரி எங்கள் சாமானைப் பட்டணத்துச் சடக்கோரத்தில் இறக்கிவிட்டுப் போனது. எனக்கு அப்போது ஏழு வயது. அம்மியை லோரியில் ஏற்ற மாட்டேன் என்றாராம் டிரைவர். அப்பாவும் அம்மாவும் அதைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே கொண்டுவந்தார்கள். அப்பா இப்போது இல்லை. பிளாட்டுக்கு வந்தபோது அந்த அம்மியை மேலே ஏற்றியது என் கணவர், தோளில் வைத்து. இனி அவரால் முடியாது. முப்பது கிலோவுக்குக் குறையாத கல். "விட்டுடும்மா, மிக்ஸி இருக்கே, இங்கேயே யாருக்காவது கொடுத்துடலாம்" என்று அம்மாவே சொன்னார். சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பழைய சாக்கில் சுற்றி, அடித்தட்டில் படுக்க வைத்து, பட்டையால் இறுக்கி, அதை நானே இறக்கினேன். 64 படியும் நானே. ஒவ்வொரு படியிலும் சக்கரம் சுழன்று உட்கார்ந்தது. திருப்பத்தில் மட்டும் தம்பி கை கொடுத்தான். நாற்பத்து மூன்று வயதில், தோளில் வைக்காமல், முதுகு வளைக்காமல் அம்மியைக் கீழே கொண்டு வந்தேன். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பெட்டிகளை நோட்டில் குறித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். குழவியை யார் கையிலும் கொடுக்காமல் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

லோரி பக்கத்து ஊர் அண்ணனுடையது. வண்டியும் அவரும் மட்டும், தூக்குகிற வேலை எங்களுடையது என்று முதலிலேயே பேசி, இரண்டு நடைக்கு 150 வெள்ளி. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அது அக்டோபர் மாதம், பேராக்கில் மதியத்துக்கு மேல் இடி மழை கொட்டும். எட்டு மணிக்கு முன்னால் டிரோலியைப் படியில் இறக்கவில்லை. தடக் தடக் என்று சத்தம் கட்டடம் முழுவதும் கேட்கும், கீழ் மாடியில் கைக்குழந்தை இருக்கிறது. அதுவரைக்கும் தலையணை, துணிப்பை என்று கையில் இறக்கினோம். கேஸ் தோங்கை (சிலிண்டரை) வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி வைத்து லோரியின் திறந்த பக்கத்தில் கட்டினார் அந்த அண்ணன். இரண்டாவது நடை புது வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றரை. மூன்று மணிக்கு மழை பிடித்தது.

டிரோலி 168, லோரி 150, டேப்பும் பிளாஸ்டிக் சுருளும் 38, எல்லாருக்கும் காலையில் பசியாறவும் மதியம் சாப்பிடவும் 70. மொத்தம் 426 வெள்ளி. தம்பியும் பையன்களும் காசு வாங்க மாட்டோம் என்றார்கள். அடுத்த ஞாயிறு அம்மியில் அரைத்து மீன் குழம்பு வைத்து அவர்களைக் கூப்பிட்டேன்.

ஏழு மாதத்தில் ஒரு சக்கரத்தின் ரப்பர் விளிம்பு பிய்ந்திருக்கிறது. கடையில் தனிச் சக்கரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இது எனக்கு வருத்தம்தான். தம்பி வேறு இடத்தில் அதே அளவில் ஒன்று தேடிப் போட்டான், 9 வெள்ளி. அச்சுக்கு எண்ணெய் போட்டால் சத்தமும் கொஞ்சம் குறைகிறது. கைப்பிடி வழுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தரை வீட்டில் இருந்து தரை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, சாதாரண டிரோலி போதும். வீட்டில் தூக்கக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை என்றால், கூலி கொடுத்து ஆள் வைத்துவிடுங்கள், இந்த டிரோலியை நம்பித் தனியாக இறங்காதீர்கள். மற்றபடி லிஃப்ட் இல்லாத பிளாட்டில் இருக்கிற யாருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன்.

இப்போது அது என்னிடம் இல்லை. பழைய பிளாட்டில் மூன்றாவது மாடி அக்கா இந்தச் சனிக்கிழமை வீடு மாறுகிறார், அவரிடம் இருக்கிறது. பட்டை இரண்டையும் அதிலேயே கட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.