ஸ்டான்லி ரத்த வங்கி: யாரும் கூப்புடாத நாள்ல போய் குடுங்க

வட சென்னைல ரத்தம் குடுக்க எங்க போலாம்னு கேட்டா என் பதில் ஓல்டு ஜெயில் ரோடு ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி ரத்த வங்கி தான். ஏசி, சோஃபாலாம் நெனச்சுக்கிட்டு போகாதீங்க, பெரியாஸ்பத்திரி எப்டி இருக்குமோ அப்டி தான் இருக்கும், ஆனா வேலைல கறார்.

ஃபாரம் குடுத்து எல்லாத்தையும் கேக்கறாங்க, ஜுரம் வந்துச்சா, மாத்திரை எதுனா போடறீங்களா, ஒரு வருஷத்துக்குள்ள பச்சை குத்துனீங்களா, காலைல சாப்டீங்களான்னு. அப்புறம் எடை, பிபி, விரல்ல குத்தி ஹீமோகுளோபின். 12.5-க்கு கொறஞ்சா எடுக்க மாட்டாங்க. எனக்கு முன்னாடி ஒரு காலேஜ் பொண்ணு, கொஞ்சம் தானக்கா கம்மி எடுத்துக்கோங்கன்னு கெஞ்சிச்சு, அந்த அக்கா "உனக்கே பத்தல கண்ணு, முருங்கக்கீரை, பேரீச்சம்பழம்லாம் சாப்ட்டு அப்புறமா வா"ன்னு அனுப்பிட்டாங்க. இதுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுப்பேன். வேற ஒரு முகாம்ல ஒரு கேள்வி கூட கேக்காம நேரா படுக்க வெச்சாங்க, அங்க மறுபடி நான் போகல.

ஊசி குத்தும்போது சுருக்குனு இருக்கும், அவ்ளோ தான். எடுக்கறது 350 மில்லி, பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். ஜூஸ் பிஸ்கெட் குடுத்து கொஞ்ச நேரம் உக்கார சொல்வாங்க, தயவுசெஞ்சு உக்காருங்க, ஒடனே எழுந்து ஓடுனா தான் தலை சுத்தும்.

நம்ம பை நேரா யாருக்கும் ஏறிடாது. ஹெச்ஐவி, மஞ்சக்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியான்னு அஞ்சு டெஸ்ட் தாண்டணும். மிஷின்ல சுத்தி பிரிச்சா சிவப்பணு தனி, ரத்தக்கசிவ நிறுத்த ஒதவற பிளேட்லெட் தனி, மஞ்சளா இருக்கற நீர் பாகம் பிளாஸ்மா தனி, ஒரு பை மூணு பேருக்கு உதவும். சிவப்பணு ஃபிரிட்ஜ்ல 42 நாள் வரைக்கும் தாங்கும், உறைய வெச்ச பிளாஸ்மா ஒரு வருஷம். பிளேட்லெட் மட்டும் அஞ்சே நாள், அதுவும் ஆட்டிக்கிட்டே வெக்கணும்.

அந்த அஞ்சு நாள் தான் நான் சொல்ல வர்ற விஷயமே. தலைவர் பொறந்தநாளு, ரசிகர் மன்ற முகாம்னு ஒரே நாள்ல ஏரியா பசங்க மொத்தமா குடுத்துடறாங்க, நல்ல மனசு தான், மறுக்கல. ஆனா அந்த பிளேட்லெட் அடுத்த வாரம் இருக்காது, குடுத்த பசங்களும் மறுபடி குடுக்க மூணு மாசம் ஆவணும், பொண்ணுங்கன்னா நாலு மாசம். நடுவுல ஒரு மழை பேஞ்சு டெங்கு முத்தி ரத்தக்கசிவோட ஒரு கொழந்த வந்தா, கேன்சருக்கு கீமோ போற ஒருத்தருக்கு தேவைப்பட்டா, யாருகிட்ட போவாங்க?

நம்ம ஏரியால தேவை நிக்கறதே இல்ல. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரி ஸ்டான்லியோட சேந்தது தான், கொழந்த பொறந்ததும் ரத்தப்போக்கு நிக்கலன்னா தாய காப்பாத்த மணிக்கணக்குலாம் கெடயாது, நிமிஷம் தான். கை ஆபரேஷனுக்கு ஸ்டான்லி ரொம்ப வருஷமா பேர் போன எடம், மிஷின்ல கை மாட்டுனவங்க வருவாங்க. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஓடற ஓட்டத்த நான் சொல்லணுமா. இதுல எந்த கேஸும் சொல்லிட்டு வராது, ஏற்கெனவே டெஸ்ட் முடிஞ்சு ஃபிரிட்ஜ்ல இருக்கற பை தான் அந்த நேரத்துக்கு ஒதவும், சொந்தக்காரன் ஓடி வந்து குடுக்கறது அதுக்கப்புறம் தான்.

காசு குடுத்து ரத்தம் வாங்கறத சுப்ரீம் கோர்ட் 1996-ல சொன்ன தீர்ப்பால 1998 ஜனவரிலேந்து நிறுத்திட்டாங்க, அதனால நாமளா போய் குடுத்தா தான் உண்டு.

18 வயசு ஆயி 45 கிலோ இருந்தா போலாம். மெட்ரோன்னா வண்ணாரப்பேட்டைல எறங்கி ஆட்டோ புடிங்க. வயிறு நெறய சாப்ட்டு போங்க, மொத நாள் சரக்கு வேணாம், அரைக்கை சட்டை போட்டுக்கோங்க.