பழைய பென்ஸ்: டபிள்யூ124 வாங்கலாமா, டபிள்யூ211 வாங்கலாமா?

எங்கள் வீட்டில் நிற்பது 1996 மாடல் இ220, மேனுவல் கியர். பென்ஸ் பைத்தியங்கள் டபிள்யூ124 என்று குறிப்பிடுகிற மாடல். எழுதுகிறவன் எந்தக் கட்சி என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் படிப்பவருக்கு வசதி, அதனால் சொல்லிவிட்டேன். நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி ஒன்றுதான், எல்லாரும் கேட்பது. நல்ல நிலையில் இருக்கும் டபிள்யூ124-க்குக் கொடுக்கிற காசுக்கு அதைவிடப் பத்து வருஷம் இளசான டபிள்யூ211, அதாவது அதே இ-கிளாஸ் குடும்பத்தின் பிந்தைய தலைமுறை, கிடைக்கிறது. பெரிதாக இருக்கிறது, சத்தமில்லாமல் ஓடுகிறது, பார்க்கவும் இன்னும் பணக்காரக் களை. அப்புறம் எதற்குக் கிழட்டு வண்டி?

இரண்டும் யார் என்று சுருக்கமாக. டபிள்யூ124 உலகச் சந்தைக்கு வந்தது 1984 கடைசியில், புரூனோ சாக்கோ வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த காலம். இந்தியாவில் 1995-ல் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து புனேயில் பாகங்களைக் கோத்து விற்ற முதல் பென்ஸ் இதுதான். டபிள்யூ211 2002-ல் அறிமுகமாகி, 2006-ல் முகம் மாறி, 2009 வரை ஓடியது. நடுவில் வந்த டபிள்யூ210-ஐ நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உருண்டைக் கண் நான்கு, அதற்கு அடியில் துரு. முன் ஸ்பிரிங் உட்காரும் இடமே அரித்துப்போகும் என்று பெயரெடுத்த வண்டியைச் சேர்த்து எழுதினால் கட்டுரை நீளும், பயன் இல்லை.

சொகுசில் 211 ஜெயிக்கிறது, பேச்சே இல்லை. பாதுகாப்பிலும் அப்படித்தான்: வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி, பக்கவாட்டு ஏர்பேக் இதெல்லாம் 124 காலத்துச் சமாசாரமே அல்ல. மழையில் அவினாசி ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் எந்த வண்டியில் இருக்க ஆசைப்படுவீர்கள் என்று கேட்டால் நானும் 211 என்றுதான் சொல்வேன். சக்தி விஷயத்தில் ஒரு வேடிக்கை. என் பெட்ரோல் இ220-க்கும் ஆரம்பகால 211 இ220 சிடிஐ டீசலுக்கும் அதே 150 குதிரைத்திறன்தான். ஆனால் டார்க், அதாவது இழுக்கும் பலம், இங்கே 210 நியூட்டன் மீட்டர், அங்கே 340. கோத்தகிரி ஏற்றத்தில் அந்த வித்தியாசம் வலது காலுக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவும் 211-க்குச் சாதகம். அப்படியும் 124-ஐ எடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: ஒரு பாகம் கெட்டால் அதைக் கழற்றிச் சரிசெய்ய முடியுமா, இல்லை தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டத்தான் வேண்டுமா?

பழைய சொகுசுக் காரின் விலை இறங்கும், அதன் பாகங்களின் விலை இறங்காது. ஷோரூமில் அரைக்கோடியைத் தொட்ட வண்டி சில லட்சத்துக்கு வந்துவிடும். அதன் கண்ட்ரோல் யூனிட் மட்டும் அரைக்கோடி வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டாகவே இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, இதே கதை எல்லா மாடலையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை என்பது. எந்த வண்டியில் பாகத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் ரப்பரையோ, கம்பியையோ, பேரிங்கையோ தனியாக மாற்ற முடியுமோ அதை இந்த விலைப் பட்டியல் அவ்வளவாகத் தொடாது.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். 2006 வரை வந்த 211-ல் இருப்பது எஸ்பிசி என்கிற மின் பிரேக். பெடலை மிதித்தால் உங்கள் கால் நேராக பிரேக் ஆயிலைத் தள்ளுவதில்லை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுத்தினீர்கள் என்று சென்சார் படித்துக் கணினிக்குச் சொல்லும், மின்சாரப் பம்ப் அழுத்தத்தை உண்டாக்கி வைத்திருக்கும், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பங்கு போகும். எல்லாம் நின்றுபோனால் முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் நேரடி அழுத்தம் கிடைக்கும், அதுவும் பெடலை ஏறி மிதித்தால். நல்ல பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் 2004-லும் 2005-லும் லட்சக்கணக்கான வண்டிகளை இதற்காகவே திரும்ப அழைத்தார்கள். 2006 முகமாற்றத்தில் எஸ்பிசியையே தூக்கிவிட்டுப் பழையபடி ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்களே கைவிட்ட சாமானை இருபது வருஷம் கழித்து நாம் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த யூனிட் தன் உழைப்பைத் தானே எண்ணி வைத்துக்கொள்ளும். கணக்கு எல்லையைத் தொட்டால் மீட்டரில் எச்சரிக்கை வரும், யூனிட்டை மாற்றச் சொல்லும். வெளிநாடுகளில் மோட்டாரை மட்டும் மாற்றிக் கணக்கை அழித்துத் தருகிறவர்கள் உண்டு. ஹார்னோ ஏசியோ என்றால் பரவாயில்லை, பிரேக்கில் அந்தச் சோதனை என் மனசுக்கு ஒப்பவில்லை. இன்னொன்று, இந்த வண்டிக்கு பிரேக் பேட் மாற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் போட்டு எஸ்பிசியைத் தூங்க வைக்க வேண்டும். கதவைத் திறந்தாலே அது விழித்துக்கொண்டு தன்னைச் சோதித்துப் பார்க்கும். அந்த நேரம் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் விரல் இருந்தால் விரல் போச்சு. இது தெரியாத ஷெட்டில் 211-ஐ விடவே கூடாது. தெரிந்த ஷெட் உங்கள் ஊரில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

124-ல் பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ், காலிப்பர். அவ்வளவுதான். காலிப்பர் ஒட்டிக்கொண்டால் பிரித்து, பிஸ்டனைத் துடைத்து, ரப்பர் கிட் போட்டு மாட்டிவிடலாம். அம்பாசடருக்கு வேலை பார்த்துப் பழகிய கை அரை நாளில் முடித்துவிடும்.

சரி, 124-ல் மின்சாரத் தொல்லை இல்லையா? நிறையவே இருக்கிறது. 90-களின் முதல் பாதியில் எஞ்சின் ஒயரிங்குக்குப் போட்ட உறை, சூட்டில் வருஷக்கணக்காக வெந்து பொடியாகிற ரகம். பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டர் பக்கம் போகும் ஒயரின் மேல் டேப்பைக் கொஞ்சம் பிரித்து, லேசாக வளைத்துப் பாருங்கள். மாற்றாத வண்டியாக இருந்தால் உறை வெடித்துச் செம்பு தெரியும். எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் இதற்கு வைத்திருக்கும் விளக்கம்: “இது ஒயரு இல்லீங்க தம்பி, பழைய முறுக்கு. தொட்டா ஒடியும்.” ஆனால் அவரே பழைய கிட்டை மேஜையில் பரப்பி, ஒவ்வொரு கம்பியையும் அளந்து, அதே கனத்தில் சூடு தாங்கும் ஒயர் எடுத்து, பழைய சாக்கெட்டையே கழுவிப் போட்டு முழுசாகக் கட்டிவிடுவார். பொறுமையும் சாலிடரிங் இரும்பும் இருந்தால் முடிகிற வேலை.

211-ல் இதே சமாசாரம் வேறு. விளக்கு, வைப்பர், கண்ணாடி எல்லாம் சாம் என்கிற மாட்யூல்கள் வழியாகப் போகிறது. ஆடியோவும் நேவிகேஷனும் போனும் ஒளியிழை வளையம் ஒன்றில் கோத்திருக்கின்றன, அதில் ஒன்று செத்தால் மொத்த வளையமும் மௌனம். எது செத்தது என்று தெரிய ஸ்கேனர் வேண்டும், மாட்டிய புதுசை வண்டி ஏற்றுக்கொள்ளக் கோடிங் செய்ய வேண்டும். உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய மாட்யூல் கிடைத்தாலும், வாங்கி வந்து சொருகியவுடன் ஓடும் என்று நினைக்க வேண்டாம். 124-ல் பாதி மின்சார நோய்க்கு முதல் மருந்து, பென்சில் முனை மாதிரி இருக்கும் அந்தக் காலத்து ஃப்யூஸ்களை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவது. பச்சை பிடித்த முனை தேய்ந்து கரண்ட் பாயும். கௌரவமான வைத்தியம் இல்லைதான், வேலை செய்கிறது.

கோவையில் இருப்பதால் எனக்கு இன்னொரு பலம், லேத் பட்டறைகள். கணபதி பக்கம் ஒரு தெருவுக்குள் போனால் சின்ன பித்தளை புஷ் முதல் நூல் போன போல்ட் வரைக்கும் சாம்பிள் கொடுத்துச் செய்து வாங்கிவிடலாம். 124-ன் ஒற்றை வைப்பர் அதற்குச் சரியான உதாரணம். அது வெறுமனே அரை வட்டம் போடுவதில்லை, மூலைக்குப் போகும்போது கை வெளியே நீண்டு, நடுவில் உள்ளே வந்து, மறுபடி நீளும். உள்ளே பல்சக்கரம், சறுக்கும் தண்டு. கிரீஸ் காய்ந்துவிட்டால் முனகும். பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வைத்தால் மறுபடி மழைக்குத் தயார். சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், சாக்ஸ், ஃபெபி, மெய்லே என்று வெளிக் கம்பெனிப் பெட்டியிலேயே நல்ல சரக்கு வருகிறது. இந்த வசதி மட்டும் 211-க்கும் உண்டு.

என் வண்டியின் குறைகளையும் வைத்துவிடுகிறேன். ஏசியின் கூலிங் காயில் ஓட்டையானால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அது 124 வைத்திருக்கும் எல்லாரும் பயப்படுகிற வேலை, பாகத்தின் விலையைவிடக் கூலியும், கழற்றும்போது உடைகிற பிளாஸ்டிக்கும்தான் அதிகம் வலிக்கும். உள்ளலங்கார மரப்பட்டை, பம்பர் ஓரப் பட்டை, நல்ல ஹெட்லைட் இதற்கெல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். பிறகு பெட்ரோல். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, 1996-ன் ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்ததல்ல. நான் டேங்கிலிருந்து எஞ்சின் வரை இருந்த பழைய ரப்பரை எல்லாம் மாற்றிவிட்டேன். டீசல் 211-க்கு இந்தக் கவலை இல்லை.

காகித வேலையில் இரண்டும் ஒரே படகு. 15 வருஷம் தாண்டிவிட்டதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி பார்த்து ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. விண்டேஜ் என்று சலுகை கேட்கலாமே என்பவர்களுக்கு: அதற்கு 50 வயசு ஆக வேண்டும், நாம் இருப்போமா பார்க்கலாம். இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற பாலிசி, இந்த வயசு வண்டிக்குக் கிடைக்காது. பத்து வருஷம் தாண்டினால் உலோகப் பாகத்துக்கே பாதிப் பணம்தான், ரப்பர் பிளாஸ்டிக்குக்கும் பாதி. இதிலும் 211-தான் அதிகம் அடிவாங்கும், ஏனென்றால் அதன் முன்பக்கத்தில் உடையக்கூடிய சாமான் விலை கூடியது. டெல்லியில் டீசலுக்குப் பத்து வருஷக் கட்டுப்பாடு வந்த பிறகு அங்கிருந்து தெற்கே மலிவாக வந்த 211 நிறைய. வாங்கினால் இங்கே மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் தொகையையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

211 நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. மச்சானுடைய இ220 சிடிஐயை ஓட்டியதும், அது ஷெட்டில் நிற்கும்போது பக்கத்தில் நின்றதும்தான் என் அனுபவம். ஏர் சஸ்பென்ஷன் வைத்த பெரிய எஞ்சின் மாடல்களைப் பற்றியும், 124-ன் டீசலைப் பற்றியும் கேள்விப்பட்டதை வைத்து எழுத விரும்பவில்லை.

இத்தனைக்குப் பிறகும் 211-தான் வேண்டும் என்றால், குடும்பத்தோடு தினமும் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான ஆசைதான். 2006-க்குப் பிந்தைய இ220 சிடிஐயாகப் பாருங்கள், எஸ்பிசி தொல்லை இருக்காது. வி6 பெட்ரோலைத் தொடாதீர்கள், அந்தக் காலத்து எஞ்சின் பலவற்றில் அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தேய்ந்துபோகும், சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். சிடிஐயில் எஞ்சின் மேல் மூடியைக் கழற்றி இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரிக் கறுப்பாக இறுகிக் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் செம்பு வாஷர் போய் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கசிகிறது என்று அர்த்தம், அந்தத் தாரைச் சுரண்டி இன்ஜெக்டரைப் பிடுங்குவது பெரும்பாடு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஒயர் சாக்கெட்டில் ஆயில் கசிவு இருந்தால் அது ஒயர் வழியாகவே ஏறி கம்ப்யூட்டர் வரைக்கும் போகும், அதையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் முகத்தைச் சுளித்தால் கிளம்பிவிடலாம்.

124 பார்க்கப் போகிறவர்கள் மதியம் போங்கள். ஏசியை முழுசாகப் போட்டு அரை மணி நேரம் வண்டியை நிறுத்தாமல் ஓட விட்டு, காற்று அதே குளிரோடு வருகிறதா பாருங்கள். ஜாக்கி வைக்கும் துளைகளின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்து, பேட்டரிக்கு அடியில் கையை விட்டுத் துரு தேடுங்கள். ஒயரிங் மாற்றியதற்கு பில்லோ, மாற்றியவரின் போன் நம்பரோ கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தக் காசைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.